உள்ளபடி வரைதல்

மனித முகத்தில் கண்கள் எவ்விடத்தில் அமைந்துள்ளன என்று யாரேனும் வினவினால், தலையின் மேற்பகுதியில், நெற்றிக்குச் சற்றுக் கீழே என்றே நம்மில் பெரும்பாலோர் விடையளிப்போம். மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்கள் வரையும் படங்களிலும் கண்கள் உச்சந்தலையை ஒட்டியே நிற்கின்றன. வாசக அன்பர்கள் ஓர் அளவுகோலை எடுத்து, வீட்டிலுள்ள ஒருவருடைய முகத்துக்கு முன்னே செங்குத்தாகப் பிடித்து அளந்து பார்க்கட்டும். உச்சியிலிருந்து கண் வரை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே கண்ணிலிருந்து முகவாய் வரையிலும் இருக்கும். கண்கள் இருப்பது தலையின் நடுவில்! நாள்தோறும் பார்த்துப் பேசும் முகங்களில் இத்துணை வெளிப்படையான ஒன்று எவ்வாறு நமக்குத் தப்பிவிடுகிறது? முகத்தில் நாம் நாடுவது கண்ணையும் வாயையும். நெற்றிக்கு மேலுள்ள பகுதியால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆகவே மனம் அதைச் சுருக்கிவிடுகிறது.

ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நான் மனித உருவம் வரையப் பழகத் தொடங்கினேன். எங்கள் பங்கில் வாழும் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் கற்பிக்கிறார். அவர் முதலில் கற்பித்தது கோடு இழுப்பதையன்று, அளப்பதை. முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே நிற்பவரின் தலையைப் பென்சிலால் அளக்க வேண்டும். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. பிறந்த குழந்தைக்கோ நான்கே தலை. முகவாயிலிருந்து நெற்றி மயிர் தொடங்கும் இடம் வரையுள்ள தூரமே உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த நீளம். ஒரு காலில் பாரத்தை ஊன்றி நிற்பவருடைய கழுத்துக்குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், அது அந்தக் காலின் கணுக்காலருகே வந்து நிற்கும். அப்பக்கத்து இடுப்பு உயர்ந்து, தோள் தாழ்ந்திருக்கும். கை சரியாக வராவிடில் கையை விட்டுவிட்டு, கைக்கும் விலாவுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை வரையச் சொல்வார். விந்தை என்னவெனில், வெற்றிடம் சரியாக அமைந்துவிடும். அதனால் கையும் அமைந்துவிடும். கை எப்படி இருக்கும் என்பதைப் பற்றி மனத்துக்கு ஆயிரம் கருத்துகள் உண்டு; வெற்றிடத்தைப் பற்றி ஒன்றும் கிடையாது.

உண்மை என்பது அறிவு பொருளோடு ஒத்திருத்தல் என்ற புனித தாமஸ் அக்குவினாசின் விளக்கத்தைக் குருமடத்தில் படித்தோம். அதைத் தேர்வுத்தாளில் எழுதுவது எளிது. ஒரு முழங்கையை அவ்வாறு ஒத்திருக்கச் செய்வது அத்துணை எளிதன்று.

மேலே கூறியவை யாவும் பொது அளவுகள். எதிரே அமர்ந்திருப்பவர் பொது மனிதர் அல்லரே! ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், குறையற்ற அழகின் ஒரே அளவைத் தேடித் தம் ஆராய்ச்சியைத் தொடங்கியவர். ஆயினும் அவர் இறந்த 1528ஆம் ஆண்டில் வெளிவந்த மனித உடலளவுகள் பற்றிய நான்கு நூல்களில், தடித்தவர், மெலிந்தவர், பெண்டிர், குழந்தை என்று பல்வேறு உடல்களுக்கும் தனித்தனி அளவுகளைத் தந்திருக்கிறார். அந்நூல்களைவிட என் மனத்தைக் கவர்ந்தது, 1514 மார்ச்சு மாதத்தில் அவர் தம் அன்னை பார்பராவைக் கரித்துண்டால் வரைந்த படம். அப்பொழுது அன்னைக்கு வயது 63. பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் மிகப் பலரைப் பறிகொடுத்தவர். சுருக்கம் விழுந்த நெற்றி, ஒட்டிய கன்னம், எலும்பும் நரம்பும் தெரியும் கழுத்து, ஒன்றோடொன்று இசையாமல் நோக்கும் கண்கள். மகன் எதையும் மறைக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் அன்னை மறைந்தார். பெற்ற தாயை இப்படியா வரைவது என்று சிலருக்குத் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. இவ்வளவு நேரம் ஒரு முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க அன்பில்லாதவரால் இயலாது. ஆனால் வரையப்படுபவர் அதைப்பற்றி என்ன எண்ணுவார் என்பது வேறு கேள்வி.

எங்கள் பங்கில் எண்பது வயதைக் கடந்த கொத்தனார் ஒருவர் இருந்தார். முதல் வெள்ளிதோறும் அவர் இல்லத்துக்கு நற்கருணை கொண்டு செல்வேன். பின்னொரு நாள் மாலையில் போய், அவருடைய இசைவோடு திண்ணையில் அமர்ந்து வரைவதுண்டு. நான் நூலைத் தொங்கவிட்டு அளப்பதைக் கண்டு அவர் நகைத்தார்.

"நூல் ஆடுது சாமி. குண்டு கட்டினாத்தான் நிக்கும்" என்று சொல்லி, பரணிலிருந்த தம் பழைய தூக்குக்குண்டை மகளைக் கொண்டு எடுப்பித்து என்னிடம் தந்தார்.

அதைக் கொண்டு பார்க்கையில், இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. முதுகு வளைந்து, காது தோளைத் தாண்டி முன்னே வந்திருந்தது. வரைந்து முடித்த படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"செவரு கோணலா இருந்தா இடிச்சுட்டுக் கட்டுவேன் சாமி. இதையும் கொஞ்சம் நிமித்திப் போடக்கூடாதா? நான் போனப்புறம் பேரப்பிள்ளைக பாக்கப்போற படம்."

ஒரு கோட்டை மாற்றுவது அரை நிமிட வேலை. கேட்டவரோ, வாழ்நாளெல்லாம் நேர்க்கோட்டைக் காத்த மனிதர். அவருடைய விருப்பத்தை வீண்பெருமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

"இந்தத் தோள் எப்படி இறங்கியது பெரியவரே?" என்று வினவினேன்.

பன்னிரண்டு வயதில் சித்தாளாகப் போனதையும், சுண்ணாம்பு மூட்டையும் சாரக்கம்புகளும் அந்தத் தோளில் ஏறியதையும், எங்கள் கோவில் கோபுரத்துக்குச் சாரம் கட்டிய நாட்களையும் சொல்லிக்கொண்டே போனார். மகள் அவற்றில் பாதியை அன்றுதான் கேட்டதாகக் கூறினார். விளக்கு ஏற்றும் நேரமாயிற்று. படத்தை மீண்டும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"சரி சாமி, தோளு அப்படியே இருக்கட்டும். மீசையை மட்டும் கறுப்பாப் போட்டுடுங்க."

போட்டுக் கொடுத்தேன். ஓவிய ஆசிரியரிடம் அந்தப் படத்தைக் காட்டவில்லை. கடந்த தவக்காலத்தில் பெரியவர் இறைவனடி சேர்ந்தார். படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. வருவோரிடம் மகள் அந்தத் தோளைத்தான் முதலில் சுட்டிக்காட்டிக் கதை சொல்கிறார். மீசையைப் பற்றி இதுவரை யாரும் வினவவில்லை.