நாலு விரல் இடைவெளி

ரெண்டாவது சிசேரியன் முடிஞ்சு 11 மாசம். ஓபியில ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு கழண்டு போற மாதிரி வலி. "வயித்துத் தசை எப்படி வேலை செய்யுதுன்னு ஒருதடவை பாத்துடலாம் மேடம்"னு எங்க ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் கூப்பிட்டாங்க.

சர்ஃபேஸ் ஈஎம்ஜி. ஊசி கிடையாது, ஷாக் கிடையாது. ஈசிஜிக்கு ஒட்டுற மாதிரி ஸ்டிக்கர் எலக்ட்ரோடுதான். தசை சுருங்கும்போது உண்டாகுற மிகச் சிறிய மின்சாரத்தைத் தோல் மேல இருந்தே பதிவு பண்ணும்.

ஸ்பிரிட் போட்டுத் தேய்ச்சாங்க. எண்ணெய், வியர்வை இருந்தா சிக்னல் கெட்டுடும். தொப்புள்ல இருந்து பக்கவாட்டுல 3 செ.மீ. தள்ளி, தசை ஓடுற திசையிலேயே மேலும் கீழுமா ரெண்டு எலக்ட்ரோடு. நடுவுல 2 செ.மீ. இடைவெளி. இடுப்பெலும்பு மேட்டுல ரெஃபரன்ஸுக்கு ஒண்ணு.

"தலையை மட்டும் தூக்குங்க."

தூக்கினேன். ஸ்கிரீன்ல கோடு கிட்டத்தட்ட அப்படியே கிடந்துச்சு. நடுநடுவுல மட்டும் முள்ளு முள்ளா ஏதோ வந்துச்சு. "அது உங்க இதயத்துடிப்பு மேடம், வயித்துத் தசை இல்ல"ன்னாங்க.

டாக்டருக்குப் படிச்சவதான். ஆனா அந்த நிமிஷம் 'என் வயிறு செத்துப்போச்சு'ன்னுதான் தோணுச்சு. கண்ணு கலங்கிடுச்சு.

அவங்க பதறல. தலையைத் தூக்கியே வச்சிருக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல விரலை வச்சு அழுத்தினாங்க. நாலு விரல் அகலத்துக்கு உள்ள போச்சு. டயஸ்டாசிஸ் ரெக்டை. கர்ப்பத்துல வயிறு விரியும்போது நடுவுல இருக்கிற இணைப்புத்திசு அகண்டு, ரெண்டு பக்கத் தசையும் விலகிடும். பலருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் தானா நெருங்கி வரும், சிலருக்கு வராது. புத்தகம் சொன்ன 3 செ.மீ.ல என் தசையே இல்ல!

தசை ஓரத்தை விரலால தேடி, வெளிப்பக்கமா தள்ளி ஒட்டினாங்க. மறுபடி தூக்கினேன். அடர்த்தியா சிக்னல் வந்துச்சு.

தசை சாகல. தள்ளிப் போயிருந்துச்சு, அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா இதே வலியோட வந்தாங்க. "புள்ள பெத்தா தொப்பை வரத்தான் செய்யும்மா"ன்னு வலி மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். வயித்துல கை வச்சுக்கூடப் பாக்கல. "சரிங்க டாக்டரம்மா"ன்னு போயிட்டாங்க.

இப்ப வர்ற எல்லாருக்கும் கை வச்சுப் பாக்குறேன். நீங்களும் பாக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையைத் தூக்கி, நடு வயித்துல விரலை வைங்க. ரெண்டு விரலுக்கு மேல இடைவெளி இருந்தா பிசியோதெரபி பிரிவுக்குப் போங்க. யூடியூப் பாத்து நீங்களா சிட்-அப் எடுக்காதீங்க. வீக்கம் உள்ள போகாம வலியோ வாந்தியோ இருந்தா ஹெர்னியா சிக்கியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி வாங்க.

நான் மூணு மாசமா பயிற்சி பண்றேன். இடைவெளி இன்னும் முழுசா மூடல. ஓபி முடியுற வரை உட்கார முடியுது.