சிவப்பு ஐசி வந்த கதை

 

போன வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டுல தேங்காய் பழத்தோட ஒரு சிவப்பு அட்டையையும் வெச்சுக் கொடுத்தோம். குருக்கள் அதைச் சாமி பாதத்துல வெச்சு எடுத்துக் கொடுத்தார். பார்த்தவங்க நிறையப் பேர் "பிஆர் எப்படிக் கிடைச்சது, எவ்வளவு நாளாச்சு?"ன்னு கேட்டீங்க. அன்னதான வரிசையில நின்னுக்கிட்டுச் சொல்லி முடிக்க முடியலை. அதனால இங்கே எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்களை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வாளி தூக்குற வாத்தியாரும், காய் நறுக்குற மேசையில உட்கார்ந்து எல்லாரையும் அதட்டுற மிஸ்ஸி அக்காவும்தான். மிஸ்ஸி கிள்ளானில் பிறந்து, அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாத்தியார் கும்பகோணம் பக்கம். தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்து 2012-ல் 58 வயதில் ஓய்வு பெற்றவர். இருவருமே துணையை இழந்தவர்கள். சொந்தக்காரர்கள் பேசி முடித்து, 2010-ல் இங்கேயே கல்யாணம் நடந்தது.

தாலி கட்டுவதற்கு முன்னாலேயே தேசியப் பதிவுத் துறையில் பதிவு செய்துவிட்டோம். நரைச்ச தலையோட ரெண்டு பேர் பெயரும் 21 நாள் அறிவிப்புப் பலகையில தொங்கினது அப்போ எங்களுக்குக் கூச்சமா இருந்தது. இப்போ நினைச்சா, நாங்க செஞ்ச காரியத்துலேயே புத்திசாலித்தனமானது அதுதான். 1982 மார்ச் 1-க்குப் பிறகு நம்ம நாட்டில் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் சட்டப்படி கல்யாணம் ஆகாது, பதிவும் வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் குடிநுழைவு அலுவலகத்தில் பேச்சே ஆரம்பிக்காது.

ஓய்வு பெற்றதும் வாத்தியார் இங்கே வந்து சேர்ந்தார். நீண்ட கால சமூக வருகை பாஸ் கிடைத்தது. மலேசியரைக் கல்யாணம் செய்தவர் அந்த பாஸில் தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்தால் பிஆருக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அப்போதைய விதி. 'தொடர்ந்து' என்ற அந்தச் சொல்லில்தான் நாங்கள் தவறு செய்தோம். 2016-ல் வாத்தியாரின் அம்மா படுத்த படுக்கையானார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் போனவர் எட்டு மாதம் அங்கேயே இருந்துவிட்டார். அதற்குள் பாஸ் முடிந்துபோச்சு. அம்மாவுக்குக் காரியம் எல்லாம் முடித்துத் திரும்பி வந்து, 2017-ல் முதலில் இருந்து எண்ணத் தொடங்கினோம். போனதற்கு வருத்தமில்லை. பெற்ற தாய்க்கு அதைக்கூடச் செய்யலைன்னா எப்படி? ஆனால் போவதற்கு முன்னால் பாஸைப் புதுப்பித்திருக்கலாம். அது எங்கள் கவனக்குறைவு.

அப்பவும் பெரிய கவலை இல்லை. பாஸ்தான் இருக்கே, வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கலாம்னு இருந்தோம். 2019-ல் மிஸ்ஸிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஞ்சியோ முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த ராத்திரி, கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்க பாஸ் எப்போ முடியுது?"

அன்றைக்குத்தான் உறைத்தது. பாஸுக்கு ஸ்பான்சர் மிஸ்ஸி. ஒவ்வொரு முறையும் நேரில் வந்து கையெழுத்துப் போடுவதும் மிஸ்ஸி. அந்தக் கை இல்லையென்றால்? கும்பகோணத்து வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. மகள் குடும்பத்தோட பெங்களூருவில் இருக்கிறாள். 65 வயசு மனுஷன், தான் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குற வீட்டில் அடுத்த வருடம் இருக்கலாமா கூடாதா என்று ஒரு கவுண்டரில் போய்க் கேட்கணும். நம்ம கோயிலுக்கு வரும் ஒரு தங்கச்சி, வீட்டுக்காரர் திடீரென்று தவறிய முப்பது நாளுக்குள் இதே கேள்வியோடு அலைந்ததை நாங்களே கூடப் போய்ப் பார்த்திருக்கிறோம். அழக்கூட நேரமில்லாமல் போட்டோஸ்டேட் எடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் தெரிஞ்சுக்குங்க. மலேசியரைக் கட்டிய வெளிநாட்டுப் பெண், அரசியலமைப்பின் 15-வது பிரிவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. வெளிநாட்டுக் கணவருக்கு அந்த வழி இல்லை. வாத்தியார் மாதிரி ஆட்களுக்கு முதல் படியே பிஆர்தான்.

ஐந்து வருடம் நிறைந்ததும் 2022 கடைசியில் விண்ணப்பித்தோம். பெயர்தான் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசா இருக்கு, பென்ஷன் புத்தகத்தில் இனிஷியல் மட்டும், திருமணச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதல். மூவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தோம். சம்பளச் சீட்டு கேட்டார்கள். ரெண்டு பேருமே ரிட்டையர் ஆனவங்க, சம்பளத்துக்கு எங்கே போறது? மிஸ்ஸியின் ஓய்வூதியக் கணக்கு, பேங்க் கணக்கு எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். வாத்தியார் உயிரோடு இருக்கிறார் என்று தமிழ்நாட்டுக் கருவூலத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை சான்று அனுப்பணும். இங்கேயோ, நாங்க இன்னும் புருஷன் பொண்டாட்டியாத்தான் இருக்கோம்னு காட்டணும். ரெண்டையும் நினைச்சுச் சிரிச்சுக்குவோம்.

சேர்ந்து எடுத்த போட்டோ கேட்டபோதுதான் மாட்டிக்கிட்டோம். இந்த வயசுல யார் போட்டோ எடுக்குறா? வீட்டில் தேடினால் கல்யாணப் படம் மட்டும். கடைசியில் கைகொடுத்தது நம்ம கோயில் தம்பிகள் வருஷா வருஷம் எடுத்த படங்கள்தான். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், ஆடிக் கூழ், நவராத்திரி, எல்லாத்துலயும் நாங்க ரெண்டு பேரும் ஏதாவது ஒரு வாளியோட நிக்கிறோம்.

நேர்காணலில் அதிகாரி அந்தப் படங்களைப் புரட்டிவிட்டு, "பாக்சிக், போலே சாகாப் மெலாயு?" என்று கேட்டார். வாத்தியார் "சிக்கிட்-சிக்கிட்" என்றார். "வாளியில என்ன?"ன்னு அடுத்த கேள்வி. சாம்பார் எப்படி வைப்பது என்று வாத்தியார் தெரிந்த மலாயில் சொல்லத் தொடங்க, அவர் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகும் ரெண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். நடுவில் ஓர் ஏஜெண்ட் "உறுதியா வாங்கித் தர்றேன்"னு சொல்லி எட்டாயிரம் வெள்ளி கேட்டார். கும்பிடு போட்டு அனுப்பிவிட்டோம். இந்த வருடம் தைப்பூசம் முடிந்து கடிதம் வந்தது. வாத்தியாருக்கு ஓட்டுரிமை கிடையாது, பாஸ்போர்ட்டும் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனால் மிஸ்ஸி அன்றைக்கு ராத்திரி மாத்திரை போட மறந்துபோய் நிம்மதியாத் தூங்கினாங்க. மறுநாள் வாத்தியார்கிட்ட அதுக்கும் திட்டு வாங்கினாங்க.

எங்களைப் போல இருக்கிற குடும்பங்களுக்கு நாங்க சொல்றது:

கல்யாணத்தைப் பதிவு செய்யுங்க. பாஸ் முடிய மூணு மாசம் இருக்கும்போதே தேதியைக் காலண்டர்ல வட்டம் போடுங்க. ஊருக்குப் போன நாள், வந்த நாள் ரெண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்க. எல்லாப் பத்திரத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. முக்கியமா, ஸ்பான்சர் செய்றவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே தொடங்குங்க. அப்புறம் பார்த்துக்கலாம்னு நாங்க விட்ட வருஷங்களை நீங்க விடாதீங்க.

ஃபைலை எப்படி அடுக்குவது என்று தெரியாதவர்கள் ஞாயிறு மதியம் அன்னதானம் முடிந்ததும் வாங்க. மிஸ்ஸி அக்கா காய் மேசையிலதான் இருப்பாங்க. பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில போட்டுக் கொண்டாங்க, மேசை ஈரமா இருக்கும்.

வேலும் மயிலும் துணை.