காயட்டும் சார்!

உங்கள் வீட்டு மரம் புயலில் விழுந்தால் என்ன செய்வீர்கள்? வெட்டிப் போடச் சொல்வீர்கள். லாரி வந்து அள்ளிக்கொண்டு போனதும் வாசலைக் கழுவி விடுவீர்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். அம்மா விடவில்லை.

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட அன்று எங்கள் வாசல் பூவரசும் சாய்ந்தது. அப்பா நட்டது. அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ''இதுல எனக்கு ஒரு திருநீற்று மரவை செஞ்சு குடுடா'' என்றாள் அம்மா. அவள் வாய்விட்டு எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை.

இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தேன். ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைசல் பட்டறைக்கு ஓடினேன். கட்டில் கால் கடைகிற பெரியவர் கையில் வாங்கிப் பார்த்தார். ''பச்சை மரம். காயட்டும் சார்.''

எனக்கு ஏது பொறுமை? அப்பாவின் வருஷத் திதி வருகிறதே! கூடக் காசு கொடுத்து அன்றைக்கே கடைந்து வாங்கிவிட்டேன். பத்தே நாள். அடியில் நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை விரிசல். அதன் வழியே திருநீறு கொட்டியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள். அதுதான் உறைத்தது.

திரும்பப் போனேன். பெரியவர் திட்டவில்லை, சொல்லிக் கொடுத்தார். மரம் காயும்போது சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது ரொம்பக் குறைவு. ஆனால், நடுவை நோக்கிச் சுருங்குவதைவிட, வளையத்தின் போக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுருங்கும். நடுப்புள்ளியை உள்ளே வைத்துக் கடைந்தால், அந்த இழுபறியில் வெடிக்காமல் என்ன செய்யும்? ஈரம் வேகமாக ஓடுவது வெட்டிய முனைகள் வழியாக. அதனால், வெட்டின அன்றே அங்கே மெழுகோ பெயின்ட்டோ பூச வேண்டும். வெயில் கூடாது. காற்றாட நிழலில் வைக்க வேண்டும்.

மைசூர் போகிற வழியில் சன்னபட்னா பொம்மைகள் வாங்கியிருப்பீர்களே... அவையும் வெட்பாலை மரத்தை மாதக்கணக்கில் காயவைத்துக் கடைந்தவைதான்.

என் இரண்டாவது துண்டின் முனைகளும் வெடித்திருந்தன. விரிசல் தாண்டும்வரை அறுத்துத் தள்ளினார். நடுப்புள்ளி வழியே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் தடித்த சுவரோடு முரட்டு மரவை ஒன்று கடைந்தார். பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ''மாசாமாசம் நிறுத்துப் பாருங்க. எடை குறையறது நின்னா கொண்டு வாங்க.''

420 கிராமில் தொடங்கியது, ஆடி மாதம் 300-ல் நின்றது. காய்ந்ததில் வட்டம் கொஞ்சம் கோணியிருந்தது. அந்தக் கோணலைக் கடைந்தெடுக்கத்தான் சுவரைத் தடிமனாக விட்டிருக்கிறார்!

அம்மா விரலால் உள்ளே தடவிப் பார்த்தாள். ''உங்கப்பா இருந்திருந்தா, மொதல்லயே அவசரப்படாதேன்னு சொல்லியிருப்பார்'' என்றாள். திதிக்குக்கூட அழாதவள், அன்றைக்கு அழுதாள்.

உங்களிடம் அப்படி ஒரு மரத்துண்டு இருந்தால், இன்றைக்கே முனைகளில் மெழுகு பூசி வையுங்கள். மற்றதெல்லாம் மெதுவாக நடக்கட்டும்.