ஒன்பது கிராம்

நீங்க மெக்கானிக்கல்னா, ‘பேலன்சிங்’ யூனிட்டை எப்படிப் படிச்சீங்க? நான் பழைய கொஸ்டின் பேப்பரை வச்சுத்தான். மார்க் நல்லாவே வந்துச்சு. அந்த தைரியத்துலதான் போன லீவுல அப்பாவோட ஆம்னி இன்ஜினைப் பிரிக்கும்போது மெக்கானிக் அண்ணனுக்கு உதவியா நின்னேன்.

அந்த வேன்லதான் அப்பா ஸ்கூல் ட்ரிப் அடிக்கிறார். ஸ்கூல் திறக்க பத்து நாள்தான் இருந்துச்சு. ரெண்டாவது சிலிண்டர்ல பிஸ்டன் உடைஞ்சு, சுவரைக் கீறி, கனெக்டிங் ராடையும் வளைச்சிருந்துச்சு. மூணையும் போர் பண்ணி புது செட் போட காசு இல்ல. அதனால அந்த ஒண்ணுக்கு மட்டும் ஸ்லீவ். பிஸ்டனும் ராடும் புதுப்பேட்டையில, பழைய மாருதி 800-ல இருந்து கழட்டினது. ரெண்டு வண்டிக்கும் அதே 796 சிசி இன்ஜின், 68.5 மில்லிமீட்டர் போர், 72 ஸ்ட்ரோக். அளவு பொருந்திடுச்சு, அப்புறம் என்னன்னு நினைச்சேன்.

அண்ணன் மூணு பிஸ்டனையும் துணியில கட்டிக்கிட்டு நகைக்கடைத் தராசுக்குப் போனார். வாங்கிட்டு வந்தது 9 கிராம் அதிகம்.

“ஒன்பது கிராம்தானேண்ணே?”

“படிக்கிற புள்ளதானே, கணக்குப் போடு.”

5000 ஆர்பிஎம், கிராங்க் ஆரம் 36 மில்லிமீட்டர். விடை 89 நியூட்டன். அதாவது ஒன்பது கிலோ எடை இழுக்குற இழுப்பு, மேலயும் கீழயுமா, ஒரு செகண்டுக்கு 83 தடவை. பரீட்சையில நான் எழுதின அதே ஃபார்முலாதாங்க! அண்ணன் பின் மாட்டுற இடத்துல, உள்பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா அரம் போட்டார். நகைக்கடைக்கு மூணு நடை.

இதுக்கு நடுவுல என் பங்குக்கு நான் ஒண்ணு பண்ணேன். ராடு கேப் எல்லாத்தையும் கழட்டி, பஞ்ச் மார்க் வைக்காம, ஒரே தட்டுல போட்டு மண்ணெண்ணெய்ல கழுவிட்டேன். ராடையும் கேப்பையும் சேர்த்து முடுக்கின பிறகுதான் அந்தத் துளையைக் கடைவாங்க. ஜோடி மாறினா துளை வட்டமா இருக்காது. பேரிங் ஒரு பக்கம் இறுகி, ஆயில் படலம் அறுந்து, கிராங்கையே கடிச்சிரும்.

அண்ணன் திட்டல. திட்டியிருந்தா பரவாயில்ல. “உக்காந்து நீயே கண்டுபிடி”ன்னு டீ குடிக்கப் போயிட்டார்.

பேரிங் இல்லாம ஒவ்வொரு ஜோடியா மாட்டி, முடுக்கி, சேர்ற இடத்துல நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தப்பான ஜோடின்னா நகம் தட்டும். ராத்திரி ஒன்பதரை ஆச்சு. மறுநாள் லேத் பட்டறையில போர் கேஜ் வச்சுப் பார்த்து, மூணும் வட்டம்தான்னு சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்குச்சு. அப்பாகிட்ட இதை இன்னும் சொல்லல. அவர் இந்த இதழ் படிக்க மாட்டார்னு நம்புறேன்.

ஸ்கூல் திறக்க முந்தின நாள் சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆச்சு. புது ஸ்லீவ்ல ரிங் படியணும்னு, இப்ப அப்பா நாற்பதைத் தாண்டுறதில்ல. பின்சீட்டு யூகேஜி பொண்ணு ஒண்ணு தினமும் கேக்குதாம்: “அங்கிள், சைக்கிள்காரர் நம்மள முந்துறார், விடலாமா?”