பிரிக்கத் தெரியாதவர்கள்

அம்மாவின் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. கட்டைவிரலடியில் தொடங்கி மணிக்கட்டு வரை ஓடும். மீந்த சோற்றோடு உடைந்த டியூப்லைட்டையும் சேர்த்து யாரோ ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டிப் போட்டிருந்தார்கள். சென்னையில் தெருக் குப்பை அள்ளுகிற வேலை அம்மாவுக்கு. கான்ட்ராக்ட். கையுறை கிடையாது. முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மிச்சத் தெருவையும் முடித்துவிட்டுத்தான் வந்துச்சு.

"சோத்தத் தனியா, கண்ணாடியத் தனியா போட்டா இன்னாடா கொறஞ்சிடும் இவங்களுக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

நாங்கள் இருந்தது கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில். அம்மா காலையில் அள்ளிய குப்பை மத்தியானம் லாரியில் எங்கள் பக்கமே வந்து சேரும். மேடு பற்றிக்கொண்டால் ராத்திரி முழுக்க இருமல். அடிபம்பில் மஞ்சளாய்த் தண்ணி வரும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மறுத்தவர்கள் 'குப்ப நாத்தம்' என்றார்கள். அந்த நாத்தமே உங்க வீட்லருந்து வந்ததுதான் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

படித்த பிறகு புரிந்தது. காய்கறித் தோலும் சோறும் தனியாக இருந்தால் சில மாதத்தில் எருவாகிவிடும். அதையே பிளாஸ்டிக்கோடு கட்டி மலையாய்க் குவித்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. அது பற்றும்போது பிளாஸ்டிக்கும் எரிந்து டயாக்சின் போன்ற நஞ்சைக் கக்குகிறது. மழை பெய்தால் பேட்டரியிலும் டியூப்லைட்டிலும் உள்ள விஷம் கரைந்து நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. எல்லாக் கேடும் அந்தக் கவரின் முடிச்சில்தான் தொடங்குகிறது.

வீட்டிலேயே பிரிக்கணும் என்பது 2000-இல் வந்த விதிகளிலேயே இருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது குப்பை போடுகிறவரின் கடமை என்றது 2016-இல் வந்த விதி. அப்புறமும் அம்மா கைக்கு வந்தது கலந்த கவர்தான்.

பிரிக்கத் தெரியாத ஜனமா இது? டம்ளரைப் பிரித்தது. தெருவைப் பிரித்தது. சுடுகாட்டைப் பிரித்தது. மனுசனைத் தலைமுறை தலைமுறையாய்த் தரம் பிரித்த கைக்கு ஒரு வாழைப்பழத் தோலைப் பிரிக்க மட்டும் தெரியவில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்று விட்டுவிட முடியாது. பின்னால் வந்து அள்ள ஒரு சாதி இருக்கிறது என்கிற தைரியம் இது.

தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கொட்டிக் குவித்த பெருங்குடிக் குப்பை 2022 ஏப்ரலில் பற்றி எரிந்தது. நாள்கணக்கில் புகை. புகைக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் அப்பார்ட்மெண்ட்காரர்களுக்குச் சாத்திக்கொள்ள ஜன்னல் இருந்தது. நான் வளர்ந்த குடிசைக்குச் சாக்குத் திரைதான்.

எங்கள் வீட்டில் அன்றும் சரி, இன்றும் சரி, ரெண்டு பக்கெட். தோலும் மீந்த சோறும் ஒன்றில், மற்றதெல்லாம் இன்னொன்றில். எந்த விதியும் வருவதற்கு முன்னாலேயே அம்மா வைத்த பழக்கம். ஏம்மா என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம குப்பைய அள்ள நமக்குக் கீழ யாருடா இருக்கா?" என்றது.