இரண்டுங்கெட்டான்

நாம் கரக்பூரில் இரயில்வே சரக்கு அலுவலகத்துக் குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமாக, கருணை அடிப்படையில் நமக்கு இந்த உத்தியோகம் வாய்த்தது. அத்தகைய நாம் பிராணிகளின் பிறப்பு விஷயமாகப் பேனா பிடிப்பது நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். நம்மை இதற்குள் இழுத்துவிட்டவன் 11 வயது நிரம்பிய நம் மூத்த மகன்.

நம் குடியிருப்பின் முன்னுள்ள மதகுச் சுவரின்மேல் மாலைதோறும் ஐந்தாறு பையன்கள் கூடுவார்கள். தெலுங்கர், வங்காளியர், ஒடியர், தமிழர் எனப் பல வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய வாதம் பெரும்பாலும் மாயக் கதைகளைப் பற்றியதாகவே இருக்கும். ஹாரி பாட்டர் கதையில் ஹிப்போகிரிஃப் என்றொரு விலங்கு வருகிறது. முன்பாதி கழுகு, பின்பாதி குதிரை. அது முட்டையிடுமா, குட்டி ஈனுமா? அதே கதையில் ஹாக்ரிட் என்பவனுக்குத் தந்தை மனிதர், தாய் இராட்சசி. அவனுக்குச் சந்ததி உண்டாகுமா? இவ்வாறு தர்க்கம் விளக்கேற்றும் நேரம் வரை நீளும்.

ஒரு நாள் இரவு உணவின்போது மகன் கேட்டான்: “அப்பா, ஹிப்போகிரிஃபுக்குப் பிள்ளை பிறக்குமா? இல்லை, வம்சம் அதோடு முடிந்துவிடுமா?”

“அதெல்லாம் குதிரைக் கொம்பு” என்று சொல்லி நாம் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. மறுநாளும் கேட்டான். மூன்றாம் நாளும் கேட்டான். பிள்ளை மும்முறை கேட்ட கேள்விக்கு விடை தேடாதிருப்பது தகப்பனுக்கு அழகன்று. நூலகத்திலும் கைப்பேசியிலுமாக ஒரு மாத காலம் தேடிப் படித்தோம்.

நாம் விளையாட்டாகச் சொன்ன குதிரைக் கொம்பு பொருத்தமான சொல்லாகவே முடிந்தது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியப் புலவர் வர்ஜில், நடவாத காரியத்துக்கு உவமையாக, கழுகும் சிங்கமும் கலந்த கிரிஃபின் பெண் குதிரையோடு கூடுவதைச் சொன்னார். பதினாறு நூற்றாண்டுகள் கழித்து, இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ அந்த நடவாத காரியத்தை நடந்ததாகவே வைத்து, 1516-இல் வெளியான தம் காவியத்தில் ஹிப்போகிரிஃபைப் பறக்கவிட்டார். உண்மையிலோ பறவையின் மூதாதையும் குதிரையின் மூதாதையும் பிரிந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவ்விரண்டும் கலக்க வழியில்லை.

நெருங்கிய உறவுடைய இனங்களின் கதை வேறு. குதிரைக்குக் குரோமோசோம்கள் 64, கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. உழைப்பில் அது பெற்றோர் இருவருக்கும் சளைத்ததன்று. ஆயினும் அந்த ஒற்றைப்படை எண் ஒழுங்காக இணை சேர்வதில்லையாதலால், மிக அரிதாகவன்றி அதற்குக் குட்டி பிறப்பதில்லை. 1978-இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிசாலையில் ஆப்பிரிக்கக் களிற்றுக்கும் ஆசியப் பிடிக்கும் ஒரு கன்று பிறந்தது. இரு வாரங்கூட அது வாழவில்லை.

இவற்றையெல்லாம் விட நம்மைக் கவர்ந்த செய்தி நமக்கு அண்மையிலேயே இருந்தது. கல்கத்தா அலிப்பூர் காட்சிசாலையில், புலித் தந்தைக்கும் சிங்கத் தாய்க்கும் 1971-இல் பிறந்தவள் ருத்ராணி. அவளைத் தேவவிரதன் என்னும் ஆசியச் சிங்கத்தோடு சேர்த்தார்கள். தேவவிரதன் என்பது பீஷ்மரின் இயற்பெயர் என்பதை நேயர்கள் அறிவார்கள். இந்தத் தேவவிரதனோ விரதத்தைக் கைவிட்டு ஏழு குட்டிகளுக்குத் தகப்பனானான்! அவற்றுள் 1979-இல் பிறந்த கியூபனாகன் பிரம்மாண்டமாக வளர்ந்து, 1991 வரை வாழ்ந்தது. கலப்பில் பிறந்த பெண்ணுக்குச் சந்ததி வாய்ப்பதும் ஆணுக்கு வாய்க்காமற் போவதும் பாலூட்டிகளில் அடிக்கடி காணப்படும் முறை. இதனை 1922-இல் ஒரு விதியாக வகுத்துச் சொன்னவர் ஹால்டேன். அவரே பின்னர், 1957-இல் கல்கத்தாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, நம் ஊர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையிலுள்ள புவனேசுவரத்தில் 1964-இல் காலமானார்.

ஒரு ஞாயிறன்று மகனை அலிப்பூருக்கு அழைத்துச் சென்றோம். அக்கலப்பினங்கள் இன்று அங்கே இல்லை. சிங்கத்தின் முன்பும் புலியின் முன்பும் நின்று, படித்ததையெல்லாம் சொன்னோம். வாய் திறவாமல் கேட்டுக்கொண்டான். திரும்பும்போது, ஹவுரா லோக்கல் கோலாகாட்டில் ரூப்நாராயண் நதிப் பாலத்தைக் கடக்கையில், சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்: “அப்பா, அப்படியானால் நான்?”

நமக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிற்று. நம் இல்லாள் வங்காள தேசத்துப் பெண். சென்ற பொங்கல் விழாவில் மகன் மேடையேறித் தமிழ்ப் பாட்டு ஒன்றை ஒப்பித்தான். ழகரம் தடுக்கிற்று, வங்காள வாடையும் வீசிற்று. அப்போது முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், “பாவம், இரண்டுங்கெட்டான்! கோவேறு கழுதைக்கு எந்தப் பாஷை வரும்?” என்று வேடிக்கையாகச் சொன்னார். பலர் நகைத்தார்கள். உண்மையை மறைப்பானேன்? சபை மரியாதையை உத்தேசித்து நாமும் நகைத்தோம். மகன் அதனை மேடையிலிருந்து பார்த்திருக்கிறான். அவன் ஹிப்போகிரிஃபைப் பற்றிக் கேட்கவேயில்லை. தன்னைப் பற்றியே மும்முறை கேட்டிருக்கிறான்.

அவ்வேளையில் நமக்குக் கைகொடுத்தவர் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன். அவர் கதையில் மனிதருக்கும் ‘எல்ஃப்’ என்னும் மூப்பில்லாத இனத்தாருக்கும் மணம் நடக்கிறது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறக்கிறார்கள். இது எங்ஙனம் பொருந்தும் என்னும் வினாவுக்கு, 1954-இல் எழுதிய கடித வரைவொன்றில் அவர் விடை கூறியிருக்கிறார். உடலமைப்பைப் பொறுத்தவரை இருவரும் ஒரே இனத்தாராகத்தான் இருக்க வேண்டும்; இல்லையேல் சந்ததி தழைத்திராது என்பது அதன் கருத்து.

“கதையில் வருகிறவர்களுக்கே அப்படி என்றால் நமக்கென்ன? தமிழனும் வங்காளியும் குதிரையும் கழுதையும் அல்லர். அம்மாவுக்கும் 46 குரோமோசோம்தான், எனக்கும் 46தான், உனக்கும் 46தான்” என்றோம்.

அவன் சற்று யோசித்தான். “ஆனால் எல்ராண்டும் அவர் தம்பியும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததே, அப்பா?”

மெய்தான். அக்கதையில் இரு குருதியும் கலந்த அவ்விரு சகோதரரும் எந்த இனத்தைச் சேர்வது என்று தீர்மானிக்க வேண்டியவராகிறார்கள். எல்ராண்டு எல்ஃபுகளோடும் எல்ரோஸ் மனிதரோடும் சேர்ந்து, என்றென்றைக்குமாகப் பிரிந்துபோனார்கள். இதற்கு விடை நாம் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

“உன்னை அப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எனக்கும் இல்லை” என்றோம்.

“பொங்கலுக்கு மறுபடியும் சொன்னால்?”

“இந்த முறை நான் சிரிக்க மாட்டேன்.”

அப்பெரியவர் மீது நமக்கு வருத்தமில்லை. நம் தந்தையார் காலமானபோது முதலில் வந்து வாசலில் நின்றவர் அவரே. நாவில் வந்ததைச் சொன்னார், அவ்வளவே. ஆயினும் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் வீடுகளில் இரு மொழி பேசி வளரும் குழந்தைகள் அநேகர் இருக்கிறார்கள். அவர்களுடைய ழகரத்தைத் திருத்துங்கள், நன்றி சொல்வோம். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர்கள் காதில் விழாமல் விட்டுவிடுங்கள்.

மகன் இப்போது வரும் பொங்கலுக்கு அதே பாட்டை மீண்டும் பாடம் செய்துகொண்டிருக்கிறான். ழகரம் இன்னும் கொஞ்சம் தடுக்கத்தான் செய்கிறது. அவன் தாயும் பக்கத்தில் அமர்ந்து கூடவே சொல்லிப் பார்க்கிறாள்.