நிவித்திகலவில் ஓர் இல்லம்

இரத்தினபுரி மாவட்டத்திலே, தேயிலையும் இறப்பரும் செழித்து, மாணிக்கக் குழிகளும் மலிந்துள்ள ஊர் நிவித்திகல. அவ்வூரில் சிறு வீடொன்றை விலைக்கு வாங்கி நாம் குடிபுகுந்து நாற்பது நாட்களாகின்றன.

தோட்டத்து லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வளர்ந்தவர்கள் நாம். அடுத்த காம்பராவில் குழந்தை இருமினாலும் நம் உறக்கம் கலையும். புதுவீட்டில் முதல் நாளிரவோ, அந்த இருமல் கேளாமையினாலேயே உறக்கம் வரவில்லை! பால் வெட்டும் தொழிலை விட்டு ஆண்டுகள் பல சென்றும், தாயார் பிரட்டுக்கு நேரமாயிற்றென்று இருளிலேயே எழுந்து அடுப்பு மூட்டினார்.

மறுநாள், சுவாமி படம் மாட்டுவதற்காகச் சுவரில் ஆணியடிக்க முனைந்தோம்.

"துரையிடம் கேட்டாயா?" என்று பதறிக் கையைப் பற்றினார் தாயார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. மறுகணம் நெஞ்சு கனத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியது. அவர்களுள் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் குடியுரிமைக்கு வழி பிறந்தது. நாடே இல்லையென்றிருந்தோருக்குச் சுவர் சொந்தமென்ற நினைவு எங்கிருந்து வரும்?

வீட்டுறுதியை எடுத்துக் கொடுத்தோம். வாசிக்க அறியாத அவர் முத்திரையை விரலால் தடவினார். பின்னர் ஆணியைத் தாமே பிடித்துக்கொண்டு, "அடி" என்றார்.

மாணிக்கம் பொதிந்த சரளைப் படையை இப்பகுதியார் 'இல்லம்' என்பர். அடுத்த வீட்டுச் சிங்களப் பெரியவர் ஒருநாள் வேலியோரம் நின்று, "உங்கள் வளவில் இல்லம் இருக்கிறதா?" என்று வினவினார்.

"இருக்கிறதே, மாத்தயா! அதிலேதானே குடியிருக்கிறோம்" என்றார் தாயார்.